முன்னால் கிடந்த பந்து

முன்னால் கிடந்த பந்தின் அருகே போய் நின்றான்.

காலை அகட்டினான். தோளைத் தளர்த்தினான். கோல்ஃப் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்து, தூரத்தில் குழியின் மேல் தெரிந்த கொடியை ஒருமுறை பார்த்தான்.

"ஏனுங்க, அது என்ற பந்துங்க. புது மட்டை, தெரியாம முன்னால போயிருச்சுங்க."

குனிந்து பார்த்தான். பந்தில் பச்சை மையால் ஒரு புள்ளி. அவன் மனைவி கலாமணி வைக்கும் புள்ளி.

அவனுடைய பந்து பின்னால் கிடந்தது. கொஞ்சம் பின்னால் என்றால் பரவாயில்லை. நன்றாகவே பின்னால்.

திரும்பி நடந்தான்.

கோல்ஃபில் ஒரு வழக்கம் உண்டு. குழிக்குத் தூரமாக இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும். மற்றவர் காத்திருக்க வேண்டும். மனைவிக்கு அவன் ஆடக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து அவள்தான் முதலில் அடித்து வந்தாள். அவன் முன்னால் போய் நின்று காத்திருப்பான். அந்தக் காத்திருப்பு அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். சொந்த மில்லில்கூட அவன் தன்னை அவ்வளவு பெரிய முதலாளியாக உணர்ந்ததில்லை.

இன்று கால் பழக்கதோஷத்தில் முன்னால் போய்விட்டது.

எல்லாம் அந்த மட்டைகளால் வந்த வினை.

போன மாதம் வரை அவள் அவனுடைய பழைய மட்டைகளை வைத்துத்தான் ஆடினாள். புதுசு வாங்கும்போதெல்லாம் பழசைப் பட்டறையில் கொடுத்து, பிடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து அவளிடம் தருவான். தன் பெரிய மனசு என்றுதான் அதை நினைத்திருந்தான். அறுத்தும் அவள் உயரத்துக்கு அது நீளம்தான். பந்து எப்போதும் இடப்பக்கம் ஒதுங்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தும் கலாமணி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

பெங்களூருக்குத் தம்பி வீட்டுக்குப் போனவளை, அந்தத் தம்பிதான் ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல எடுத்திருக்கிறார்கள். உயரம், மணிக்கட்டிலிருந்து தரை வரை, உள்ளங்கை அகலம். ஒரு இயந்திரத்தின் முன்னால் பந்தடிக்கச் சொல்லிப் பார்த்து, அவளுக்கென்றே மட்டை செய்து அனுப்பிவிட்டார்கள்.

பெட்டி வந்த அன்றே, அவளுக்குத் தெரியாமல், அவன் அந்தக் கடைக்குப் போன் போட்டான். இதனால் பந்து தூரமாகப் போகுமா என்று கேட்டான். பெரும்பாலும் நேராகப் போகும் சார், தூரம் ஆடுகிறவர் கையில் இருக்கிறது என்றான் கடைக்காரன். ஒரு வியாபாரிக்கு எதற்கு இவ்வளவு நேர்மை என்று எரிச்சல் வந்தது.

இப்போது அந்த எரிச்சல் வயிற்றுக்கு இறங்கியிருந்தது.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தான், எதுவும் பொருந்தவில்லை. பங்காளி மேல் வரலாம். பக்கத்து மில்காரன் மேல் வரலாம். தாலி கட்டிய மனைவி மேல் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

தன் பந்தை அடைந்தான். ஓங்கி அடித்தான்.

கோபத்தில் அடித்த பந்து எங்கே உருப்படும். மேலே எழும்பாமல் புல்லில் உருண்டது. அவள் நின்ற இடத்தைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் ஓடியது. கொடிக்கு வெகு முன்பே நின்றுவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

நடந்து அவளருகே வந்தான். இனி அவள் முறை.

பையிலிருந்து நீளமான மட்டை ஒன்றை உருவினாள். அதில் அடித்தால் பந்து கொடிக்கே போய்விடும். அவனுக்கு அது தெரியும். பார்க்கப் பிடிக்காமல், கையுறையைக் கழற்றுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஓரக்கண் மட்டும் கேட்கவில்லை.

கலாமணி அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். உருவியதைப் பைக்குள் திரும்ப வைத்தாள். சின்னதாக ஒன்றை எடுத்தாள்.

அலுங்காமல் அடித்தாள்.

பந்து எழும்பியது. மெதுவாக இறங்கியது. அவன் பந்துக்கு ஒரு சாண் பின்னால் வந்து நின்றது.

அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என்ன அளவெடுத்து என்ன. விறுவிறுவென்று நடந்து தன் பந்தின் அருகே போனான்.

போய் நின்ற பிறகுதான் அந்தச் சாண் கண்ணில் பட்டது.

அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு பந்தை இன்னொரு பந்துக்கு ஒரு சாண் பின்னால் கொண்டுவந்து நிறுத்த அவனால் முடியாது. கிளப்பில் யாராலும் முடியாது.

பழைய மட்டைகளில் பந்து இடப்பக்கம் ஒதுங்கும். ஆனால் ரொம்பப் பின்தங்கியதாக அவனுக்கு ஞாபகமே இல்லை. எந்தக் குழியிலும். எந்த வருடமும். எப்போதும் அவன் பந்துக்குச் சற்றுப் பின்னால்.

சற்றுத்தான்.

கலாமணி தன் பந்தின் அருகே வந்து நின்றாள். தலை நிமிராமல், எப்போதும் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"நான் அடிக்கட்டுங்களா?"