புகைபோக்கியில் குறையில்லை

அம்மா ஈரமான பைன் சருகை அடுப்பில் திணித்துவிட்டு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். பின்சுவர்ப் புகைபோக்கியிலிருந்து புகை தாராளமாகவே மேலே போனது.

அத்தோடு அவளுடைய சோதனை முடிந்தது.

குடித்தனக்காரி மல்சுக் விடவில்லை. தன் அறைக்குள் மண்டியிட்டுத் தரையின் ஓரத்தைக் காட்டினாள். அடுப்புப் புகை தரைக்கு அடியில் ஓடித்தான் எங்கள் அறைகள் சூடாகும். தரைமேல் ஒட்டிய காகிதம் சுவரைத் தொடும் இடத்தில் புகை நூலாகக் கசிந்தது.

தினமும் காலையில் தலை பிளக்கிறது, புகைபோக்கி அடைத்திருக்கிறது, மாற்றுங்கள் என்றாள். நான்கு மாதக் கர்ப்பிணி.

அம்மா கசிவின் மேல் இன்னொரு காகிதம் ஒட்டினாள். பிறகு முள்ளங்கி ஊறிய நீரை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள். கரிப்புகைத் தலைவலிக்கு சியோலில் எல்லா வீட்டிலும் அதுதான் மருந்து.

மல்சுக் அதைக் குடிக்கவில்லை.

"ஒரு குறையும் இல்லன்னா உங்க பையன் இங்கயே உக்காந்து படிக்கட்டுமே அக்கா. பரீட்சை வருதுல்ல? கதகதன்னு இருக்கும்."

அந்தப் பையன் நான். போன வருடம் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்று, மறுபடி எழுத இருந்தவன். பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. என்னை இழுத்தால் அம்மா இறங்கி வருவாள் என்று மல்சுக் நினைத்தாள். எங்கள் தெருவில் வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் இறங்கி வந்திருப்பாள்.

என் அம்மாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. தான் ஒட்டிய காகிதத்தை அவள் அவ்வளவு நம்பினாள். என் புத்தகங்களை அவளே சுமந்து வந்தாள். எனக்காக அடுப்பில் புதுக் கரி வைத்தாள். மல்சுக்குக்குத் தங்கமான மனசு என்றாள்.

தரை சுகமாகச் சுட்டது. குப்புறப் படுத்து ஆங்கில இலக்கணத்தைத் திறந்தேன். தலை லேசாகக் கனத்தது. இலக்கணம் என்றாலே எனக்கு அப்படித்தான்.

குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த மல்சுக் கதவைத் திறந்து, தூங்கிவிட்டாயா என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து அதையே கேட்டாள். மூன்றாவது தடவை எனக்கு எரிச்சல் வந்தது. பதில் சொல்லவில்லை.

அவள் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டுப் போனாள். குளிர் உள்ளே அடித்தது. அவளைத் திட்டத் தோன்றியது.

பின்சுவரில் துணி அடிக்கும் கட்டையின் சத்தம் கேட்டது. ஓங்கி நாலு அடி. ஏதோ பெரிதாக உடைந்து விழுந்தது. அம்மா அலறிக்கொண்டு ஓடினாள்.

"அடிப்பாவி! நல்லா இருந்த புகைபோக்கிடி!"

"இப்ப சொல்லுங்க அக்கா. ரிப்பேர் பண்ணணுமா, வேணாமா?"

அம்மாவிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்தச் சண்டையைத் தவறவிட மனமில்லாமல் எழப் பார்த்தேன்.

என்னால் எழ முடியவில்லை.