புகையில்லாத கூரை

சந்தியாகுவுக்கு அடுத்த வாரம் தோளில் ஆபரேஷன். அதன்பிறகு ஆறு மாதம் கோடரியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தருவதாகக் கடையில் கேட்டு வாங்கிவந்த கேஸ் ஹீட்டரையும் கரண்ட் ஹீட்டரையும் கூடத்தில் வைத்துவிட்டு, முப்பது வருடமாக விறகு வெட்டிப் போட்டு அணையாமல் காத்த கணப்பில் தண்ணீரைத் தெளித்து அணைத்தார்.

“நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்னு நெனச்சுக்க, தெக்லா. எது ஒனக்கு ஒத்துவருதோ அதப் போடு. நான் வெளிய நின்னு பாக்கறேன்.”

“கிறுக்கா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு?” என்றபடி மனைவி, வெளியே போனவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. தன் வீட்டுக் கூரையைப் புகையில்லாமல் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வேறு யாருடைய வீடோ போல இருந்தது. கேரட் மூட்டையோடு போன பக்கத்துத் தோட்டத்துக்காரன், “என்னண்ணே, வீட்ல யாரும் இல்லியா?” என்றான். 

ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். தெக்லா இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்துவந்து, காலியாக இருந்த அவருடைய நாற்காலியின் பக்கம் ஹீட்டரைத் திருப்பிவைத்தாள்.

தப்பாக வைக்கிறாளே என்று கண்ணாடியைத் தட்டப் போனவர், விரலை மடக்கியபடியே நின்றார்.