நனையாத விரல்

மூன்றாவது தடவை பிரின்லியைத் தண்ணீரில் முக்கி எடுத்தபோது தாத்தாவுக்கே மூச்சு வாங்கியது.

தொட்டியின் இரண்டு பக்கமும் நின்ற சாட்சிகள் சரி என்று தலையசைத்தார்கள். அப்பாடா என்று கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு.

அவள் அப்பா ஜாரன் மட்டும் பெருமூச்சு விடவில்லை.

உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று தொட்டிக்கு மேலே ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து மாட்டியிருந்தார்கள். அதில் அவன் பார்த்துவிட்டான். மகளின் இடது கால் கட்டைவிரல் தண்ணீருக்கு வெளியே இருந்தது.

மார்மன் கிறிஸ்தவ சபையில் ஞானஸ்நானம் விளையாட்டில்லை. உச்சி முதல் பாதம் வரை முங்க வேண்டும். ஒரு கொத்து முடி மிதந்தாலும் செல்லாது. மறுபடி ஜெபம், மறுபடி முழுக்கு. சாட்சிகளை நிறுத்துவதே அதைப் பார்க்கத்தான்.

முதல் தடவை அந்தக் கால் மேலே வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். குழந்தைகளுக்குக் கால் மிதக்கத்தான் செய்யும். இரண்டாம் தடவையும் அதே கால்.

"அடியே, உன் கால்ல ஒரு கல்லைக் கட்டித்தான் எறக்கணும்போல!" என்றார் தாத்தா லாவெல், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி. மறுபடி சிரிப்பு. பிரின்லி சிரிக்கவில்லை.

இந்தத் தடவை சாட்சிகள் கோட்டை விட்டுவிட்டார்கள். மச்சான் டெய்னை லாவெலின் பருத்த முதுகு மறைத்துவிட்டது. எதிர்ப்பக்கம் நின்ற கொழுந்தியாள் டாரா குழந்தையின் முகத்தையே பார்த்து உருகிக்கொண்டிருந்தாள்.

நியாயமாக அந்தத் தண்ணீரில் ஜாரன்தான் நின்றிருக்க வேண்டும். எட்டு வயதான பிள்ளையை அப்பன்தான் முக்கி எடுப்பான். ஆனால் சபையைத் தலைமுழுகி இரண்டு வருஷம் ஆன ஆளை யார் தொட்டிக்குள் விடுவார்கள்? வெள்ளை உடுப்பு மாமனாருக்குப் போனது. இவனுக்கு முன்வரிசையில் ஒரு மடக்கு நாற்காலியும், மடியில் மகளின் துண்டும்.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டினால்கூடத் தேவலை. அமெரிக்காவில் மார்மன்கள் நிறைந்த யூட்டாவில், அதுவும் எஃப்ரேம் மாதிரிச் சின்ன ஊரில், யார் திட்டுவார்கள்? வாழைப்பழ ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். உனக்காக ஜெபம் பண்றோம் என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். ஐயோ, அந்தத் தட்டல் இருக்கிறதே!

பேசியது மனைவி அன்னலீ மட்டும்தான். அதுவும் இன்று காலை, அவன் டையைச் சரிசெய்துகொண்டே.

"இன்னிக்கு ஒரு நாள் வாயைத் தெறக்காதே, ஜாரன். இதையும் கெடுத்தேன்னா, பிரின்லியைக் கூட்டிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவள் மிரட்டுகிறவள் இல்லை. சொன்னால் செய்வாள்.

சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவனைக் கேட்டால், விரல் நனைந்தால் என்ன, நனையாவிட்டால் என்ன? எல்லாம் குழாய்த் தண்ணீர்தான்.

ஆனால் அன்னலீக்கு இது உயிர். செல்லாத ஞானஸ்நானத்தை நினைத்து அவள் காலமெல்லாம் சந்தோஷப்படுவாள். அதை இவன் தெரிந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நம்பிக்கைதான் போயிற்று, நாணயமும் போக வேண்டுமா?

லாவெல் குழந்தையைப் படிப்பக்கம் திருப்பிவிட்டார்.

ஜாரன் எழுந்தான்.

"மாமா, கட்டைவிரல் நனையல."

அன்னலீயின் முகம் வெளுத்துவிட்டது. டெய்னுக்குக் கழுத்துவரை சிவந்தது. விட்டுப்போனவன் வந்து எங்களுக்குச் சட்டம் சொல்கிறானா என்பதுபோல் முறைத்தான்.

லாவெல் குனிந்து பேத்தியைக் கேட்டார். "விரல் வெளியவா இருந்துச்சு, செல்லம்?"

பிரின்லி தாத்தாவைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையாட்டினாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

நான்காவது தடவை லாவெல் தன் பாதத்தை அவள் பாதங்கள்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். எல்லாம் முங்கியது.

உடுப்பு மாற்றிக்கொண்டு வந்ததும் மாமனார் நேராக ஜாரனிடம் வந்தார். "என்னதான் சொல்லு மாப்ளே, நீ இன்னும் எங்க ஆளுதான்டா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். டெய்ன்கூட வந்து கை குலுக்கினான். அன்னலீ அவன் விரல்களைக் கோத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவனுக்கும்தான். இந்த வீட்டுக்காக ஒரு காரியத்தையாவது உருப்படியாகச் செய்தோமே என்று இருந்தது.

பிரின்லி உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தாள். அவன் தாழ்வாரத்தில் மண்டியிட்டு அவள் தலையைத் துவட்டினான். அவள் தலையைக் கொடுத்தாள், முகத்தைக் கொடுக்கவில்லை.

"ஏம்ப்பா சொன்னே?"

"முழுசா முங்கணும்ல, கண்ணு. அப்பத்தானே அம்மாவுக்குச் சந்தோஷம்."

அவள் குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள்.

"முழுசா முங்கினவங்க எல்லாம் செத்தப்புறம் ஒரே எடத்துக்குப் போயிடுவாங்களாம். நீ அங்க வர மாட்டியாம். டாரா சித்தி சொன்னாங்க. ஒரே ஒரு விரல் மிச்சம் இருந்தா, அப்பப்ப உன்னை வந்து பாத்துட்டுப் போக விடுவாங்கன்னு நெனச்சேன்."