மீசைப் பந்தயம்

"இந்தப் படகு தண்ணி குடிக்கும். குடிக்கலேன்னா என் மீசைய எடுத்துடறேன்."

ஜமாலுதீன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, அவர் மனைவி சைனம்பு கொடுத்த டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார் கொளஞ்சியப்பன்.

சும்மா மீசை இல்லை அது. முப்பது வருஷத்து மீசை. புவனகிரி சந்தையில் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, மீசைக்காரர் என்றால் வீட்டுக்கே கொண்டுபோய் விடுவார்கள்.

"குடிச்சா?" என்றார் ஜமாலுதீன்.

"படகை வெறகுக் கடைக்குப் போட்டுடணும். சம்மதமா மச்சான்?"

"சம்மதம்டா!"

ஜமாலுதீன் துபாயில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவர். மேலே உட்கார்ந்தபடி, கடலில் போகிற பாய்மரப் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தவர். பரங்கிப்பேட்டைக்குத் திரும்பி வந்ததும், யூடியூபைப் பார்த்துத் தானே ஒன்று செய்ய இறங்கிவிட்டார். ஒத்தாசைக்கு, கூடப் படித்த சிநேகிதர்கள் இரண்டு பேர்.

லைன்மேனாக இருந்து ரிட்டயரான இளவரசு பலகை பிடித்தார், ஆணி அடித்தார், இடுக்குகளில் பஞ்சுத் திரி வைத்து அடைத்தார்.

கொளஞ்சியப்பன் வாயை மட்டும்தான் கொடுத்தார்.

"டேய், அந்தப் பலகை கோணுது பாரு."

"வந்து ஒரு கை புடிடா."

"இடுப்பு வலி மச்சான். தங்கச்சி, டீயில சக்கரை பத்தல."

"ஜாஸ்தி போட்டா மட்டும் எழுந்திரிச்சு வேலை செய்யப் போறீங்களாக்கும்!" என்பாள் சைனம்பு.

படகு முடிந்த மறுநாள் நோன்பு பிறந்தது. பெருநாள் கழித்துத்தான் வெள்ளாற்றில் இறக்குவது என்று பேச்சு. தார்ப்பாயை மூடி, வாசல் வெயிலிலேயே படகை விட்டுவிட்டார் ஜமாலுதீன்.

நோன்பு இருபத்தெட்டு. சாயங்கால அஸர் தொழுகைக்கு அவர் பள்ளிவாசல் போயிருந்த நேரம். கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த சைனம்புவுக்குத் தண்ணிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

கொளஞ்சியப்பன் தார்ப்பாயை விலக்கி, செடிக்கு ஊற்றுகிற ஓஸ் பைப்பைப் படகுக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டு ஓஸைக் கீழே போட்டார். "காலு கழுவினேன் தங்கச்சி."

"படகுக்குள்ளயா?"

செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

விஷயம் கேட்டு ஜமாலுதீன் குதித்தார்.

"பந்தயத்துல ஜெயிக்கணும்னு பலகைய உளுத்துப்போக வைக்கப் பாக்கறான்! நோன்பு வாயாச்சேன்னு பாக்கறேன்."

"அவன் பொறாம இன்னிக்கு நேத்தா? எட்டாவது படிக்கச்சவே என் பேனா நிப்பை ஒடச்சவன்" என்றார் இளவரசு.

இரண்டு பேருமாகத் தண்ணியை இறைத்துக் கொட்டினார்கள். கேட்டுக்குப் பூட்டு வந்தது. பெருநாளைக்கு வருஷா வருஷம் கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் போகும் பிரியாணித் தூக்கு இந்த வருஷம் போகவில்லை.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் காலை, டிராக்டரில் ஏற்றிப் படகை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். பாய் கட்டிவிட மீன்பிடிக்கிற சிலம்பரசன் வந்திருந்தான். வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது. கொஞ்சம் தள்ளி, மீசையை நீவிக்கொண்டு கொளஞ்சியப்பனும் நின்றார். யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

"பிஸ்மில்லாஹ்."

படகு தண்ணியில் இறங்கியது. ஜமாலுதீன் ஏறி உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். இளவரசு குனிந்து அடிப்பலகையைத் தடவினார்.

"பொட்டுத் தண்ணி இல்லடா! அப்பளமாட்டம் இருக்கு!"

கரையே கத்தியது. கொளஞ்சியப்பன் தானாகவே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"சவரக் கத்தி கொண்டாந்திருப்பியே, எடு இளவரசு."

அங்கேயே மழித்தார்கள்.

"உரிச்ச பலாக்கொட்டையாட்டம் இருக்கான் பாரு!" ஜமாலுதீன் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். கொளஞ்சியப்பனும் சிரித்தார்.

பாய்க் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த சிலம்பரசன் பலகை இடுக்குகளைத் தடவிப் பார்த்தான்.

"பரவால்லியே பாய்! ஒரு மாசம் வெயில்ல கெடந்த மரம். சுருங்கி, இடுக்கு விட்டு, எறக்குன ஒடனே முழுகியிருக்கணும். தெனம் தண்ணி ஊத்தி ஊற வச்சிருக்கீங்க. யாரு சொல்லிக் குடுத்தது?"

சிரிப்பு நின்றது. ஜமாலுதீன் மெல்லத் திரும்பினார்.

"என்னடா பாக்கற?" என்றார் கொளஞ்சியப்பன். "கோடையில மாட்டு வண்டிச் சக்கரத்த நாங்க கொளத்துல ஊறப் போடறதில்லயா? எல்லாம் மரந்தான?"

"மாசம் பூரா நான் தொழப் போற நேரத்துல ஊத்துனியா? மீச போயிடும்னு தெரிஞ்சேவா?"

வெறும் உதட்டைத் தடவிக்கொண்டே அவர் படகில் கால் வைத்தார்.

"நகந்து உக்காரு மச்சான். மீச மொளைக்கும். வெறகுக் கடைக்குப் போன படகு மொளைக்குமா?"