பாப்-அப் பொருத்தம்

“பொருத்தம் பார்” என்ற பொத்தானைக் கமலநாதன் அங்கிள் ஏழாவது முறையாக அழுத்தினார்.

ஒன்றும் வரவில்லை.

திரையின் மேல் மூலையில் மட்டும், பாப்-அப் தடுக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு சின்ன அறிவிப்பு வந்து போனது.

கிள்ளானில் அவர் வீட்டு ஹால். முறுக்குத் தட்டுக்கும் கேசரிக்கும் நடுவில் அவர் மகள் வாணியின் லேப்டாப். எதிரே சோபாவில் நானும் என் அம்மா புஷ்பவல்லியும். நான்தான் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை.

பிரிக்பீல்ட்ஸ் சோதிடர் சபாபதி ஐயா ஆறு வாரத்துக்குப் பழனி போயிருந்தார். போகும்போது கடைக் கதவில் தன் வெப்சைட் முகவரியை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். இருவர் நட்சத்திரத்தையும் போட்டு அழுத்தினால், பாப்-அப்பாகத் தனியே ஒரு சின்னப் பெட்டி திறந்து, பத்துப் பொருத்தத்தில் எத்தனை இருக்கிறது என்று சொல்லும். ஆறு இருந்தால் போதும், தாராளமாகத் தட்டு மாற்றலாம் என்று அவரே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்.

மணி நாலு. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றாவிட்டால், ஐயா ஊர் திரும்பி நேரில் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று அங்கிள் சொல்லிவிட்டார்.

அவ்வளவு நாள் தள்ளிப்போட எனக்குத் தெம்பில்லை. எனக்கு வாணி வேண்டும். பெரியவர்களுக்குத்தான் இது பெண் பார்க்கும் நாள். நாங்கள் ஐந்து மாதமாக வேலை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் டீக்கடை ஒன்றில் ஒரே மேசையில் தே தாரிக் குடிக்கிறவர்கள். அது அந்தக் கடைக்காரருக்கு மட்டும் தெரியும்.

“தம்பி, நீங்க கம்ப்யூட்டர் சப்போர்ட்தானே? கொஞ்சம் பாருங்க லா.”

வம்பே அங்கேதான். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு பாப்-அப்பை அனுமதிக்கும் செட்டிங்கைப் போனிலேயே சொல்லிக்கொடுக்கிறவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தேன். கழுத்தைச் சொறிந்தேன். லைன் சரியில்லை என்றேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். அது திரும்ப வரப் பத்து நிமிடம் ஆனது.

அங்கிள் தன் போனில் முயன்றார். எழுத்தை அவ்வளவு பெரிதாக வைத்திருந்ததால் பொத்தான் திரைக்குள்ளேயே வரவில்லை. என் போனைக் கேட்டார்.

சார்ஜ் இல்லை என்றேன். அந்த நேரம் பார்த்து அது சட்டைப் பையில் கிர்ரென்று அதிர்ந்தது. நான் முறுக்கைச் சத்தமாகக் கடித்தேன்.

பொறுமை போய் அங்கிள் மௌஸைப் பிடுங்கிக்கொண்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். மௌஸையும் அப்படித்தான் பிடித்தார். தானே செட்டிங்ஸுக்குள் புகுந்து, எல்லாப் பாப்-அப்பையும் அனுமதி என்று ஒரே தட்டு.

நான் சோபாவின் நுனிக்கு நகர்ந்தேன்.

நல்ல வேளை, அவர் கை தவறி, காலையில் சீரியல் பார்த்துவிட்டு மூடாமல் விட்ட பக்கத்தில் போய் அழுத்தியது. முடி வளர எண்ணெய் வந்தது. போன் பரிசு விழுந்திருப்பதாக வந்தது. ஷா ஆலாமிலிருந்து ஒரு பெண், மிகக் குறைந்த துணியில், அவரோடு பேச ஆசைப்படுவதாக வந்தாள்.

அம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

வேர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் மூடிவிட்டு, அங்கிள் மறுபடி “பொருத்தம் பார்” என்பதை அழுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வரவில்லை.

இப்போது எனக்கே புரியவில்லை. எல்லாவற்றையும் அனுமதித்த பிறகு அது வந்தே ஆகவேண்டும். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, செட்டிங்கின் அடியில் போய்ப் பார்த்தேன். ஒருபோதும் அனுமதிக்கக் கூடாத தளங்கள் என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கும்.

அதில் ஒரே ஒரு பெயர். சபாபதி ஐயா.

அது தானாகப் போய் அங்கே உட்காராது. யாராவது கையால் சேர்க்க வேண்டும்.

நிமிர்ந்தேன். வாணி காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்று, சுவர் நாட்காட்டியை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தாள். அது போன வருடத்து நாட்காட்டி.

பட்டியலை மூடினேன். “என்னால முடியல அங்கிள்.”

“யாரும்மா இவருக்கு வேலை கொடுத்தது?” என்று அங்கிள் அம்மாவிடமே கேட்டுவிட்டார்.

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “வியாழக்கிழமை எங்க வீட்டு கம்ப்யூட்டர்லயும் வரலண்ணே. கெட்டதா இருந்தா கூப்பிடாமலே வந்து நிக்கும் லா. ரெண்டு வீட்டுலயும் இவ்வளவு கூப்பிட்டும் வரலன்னா, முருகன் சரின்னுட்டாரு.”

அங்கிள் யோசித்தார். கடிகாரத்தில் நாலு இருபத்தாறு.

திரையில் ஷா ஆலாம் பெண் மறுபடி எட்டிப் பார்த்தாள்.

அங்கிள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். “தட்டை எடுங்க.”

தட்டு மாறியது. அம்மா அழுதார். எனக்கும் கண் கலங்கியது, அதற்கு நான் வெட்கப்படவில்லை.

கிளம்பும்போது கேட்டைத் திறந்துவிட வாணி வந்தாள். பெரியவர்கள் இன்னும் வாசலில் கல்யாண மண்டபம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானைக்குள் மறைத்து மூன்று விரல்களைக் காட்டினாள்.

புதன்கிழமை, அம்மா பார்ப்பதற்கு முதல் நாள், நான் தனியாக அழுத்திப் பார்த்தபோதும் பத்துக்கு அதே மூன்றுதான் வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுப் பட்டியலில் ஐயாவின் பெயரைச் சேர்த்தேன்.

நானும் மூன்று விரல்களைக் காட்டினேன்.

“மூணும் மூணும் ஆறு,” என்றாள் வாணி. “ஆறு போதும்னு ஐயாவே போட்டிருக்காரு.”