யார் வீட்டு அரிசி

எட்டு மணி நேர வேலை கேட்டு, எஸ்டேட் கேட் முன்னால் உண்ணாவிரதம் உட்கார்ந்த சன்னாசிக்கு உடம்பு பூசினாற்போல் ஆகிவிட்டது. வாட்சர் மாட்டிவிட்ட கைப்பட்டை அவனைக் கேட்காமலே ரத்தத்தில் சோறு ஏற்றியது. அந்த அரிசியை, எஸ்டேட் அவன் வீட்டுக்கு அளக்கும் பங்கில் பிடித்தார்கள்.

வற்றிப்போன பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள் அவன் பெண்டாட்டி மூக்காயி. "நல்லா கொழுத்திருக்கீரு! இவ பங்கும் உள்ள போச்சுல்ல?"

சன்னாசி எழப்போனான்.

"உக்காரும்" என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க மூணு பேருக்கும் இனி யாரு வீட்ல பிடிப்பீங்க வாட்சரய்யா?"

"அடுத்த வீட்ல" என்று வாட்சர் சிரித்தார்.

அடுத்த வீட்டு சவரியம்மா உலக்கையோடு வந்தாள். மூக்காயி தலையைக் குனிந்துகொண்டாள். சவரியம்மா உலக்கையைக் கீழே போட்டுவிட்டு அவளருகில் உட்கார்ந்தாள். பின்னாலேயே அதற்கடுத்த வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

லயத்து வரிசையில் கடைசி வீடு வாட்சருடையது. அங்கே இப்போதுதான் தொட்டில் கட்டியிருந்தார்கள்.