எச்சம் என்ற சொல்

இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, உங்களை ஒரு வகுப்பறைக்குள் கூட்டிக்கொண்டு போகிறேன். மழை விட்ட முற்பகல். ஜன்னல் வெளிச்சம் பெஞ்சுகள் மேல் ஈரமாகக் கிடக்கிறது. அறிவியல் டீச்சர் கரும்பலகையில் 'தொல்லுயிர் எச்சம்' என்று எழுதிவிட்டு, சிப்பி பதிந்த கல் ஒன்றைக் கைமாற்றிப் பார்க்கக் கொடுக்கிறார். "காக்கா எச்சமா டீச்சர்?" என்கிறான் கடைசி பெஞ்சு வாயாடி. வகுப்பே குலுங்குகிறது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. "அதுவும்தான்டா. விட்டுட்டுப் போனது எல்லாமே எச்சம். இந்தச் சிப்பி மண்ணுல புதைஞ்சு, தன் அச்சை விட்டுட்டுப் போயிருக்கு." கல் ஒரு சிறுமியின் கைக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. போன வருஷ மழையில் சரிந்த மலை இவள் அம்மாவை மூடியது; தோண்டியும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து வகுப்பில் வாய் திறக்காதவள், சிப்பியின் வரிகளை விரலால் தடவியபடி கேட்கிறாள்: "எங்கம்மா எச்சமும் என்னைக்காவது கிடைக்குமா டீச்சர்?" சிரிப்பு அடங்கிவிடுகிறது. டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறார். "கிடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்டா தங்கம். ஆனா பெத்த பிள்ளைக்கும் எச்சம்னுதான் பேரு. உங்கம்மா விட்டுட்டுப் போனது நீதான்." அவள் அழவில்லை. கல்லை மடியில் வைத்துக்கொண்டு, தன் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் விரித்து, ரேகை ரேகையாகப் பார்க்கிறாள். கல்லைக் கேட்டு யாரும் கை நீட்டவில்லை.

கண்ணுகளா, உங்கள் வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் பொழுது சாய்வதற்குள் நல்லபடியாக வீடு திரும்பட்டும்.